வேண்டாம் என்று அவன் சொன்ன கிளி

ஜாவாவில், கிளாத்தன் ஊர்ப் பறவைச் சந்தையின் வாசலில் போனிரா பத்தொன்பது வருஷமாக மோட்டார் சைக்கிள்களைக் காவல் காக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஹெல்மெட்கூடத் தொலைந்ததில்லை. அது எப்படி என்று கேட்டால், எவனையும் நம்புவதில்லை, அவ்வளவுதான் என்பாள்.

ஆரஞ்சு நிற மேலங்கி, கழுத்தில் விசில், அகன்ற தொப்பி, முழங்கை வரைக்கும் பழுப்புத் துணிக் கையுறை. வெயில் ஏறியதும் வண்டி இருக்கைகளின் மேல் அட்டைத் துண்டுகளைப் போட்டு மூடுவாள். சீட்டில் பாதியைக் கிழித்து வண்டிக்காரன் கையில் கொடுப்பாள். ஆனால் திரும்பி வரும்போது சீட்டை மட்டும் பார்க்க மாட்டாள். ஒருமுறை சலவைச் சட்டை போட்ட ஒருவன் சரியான சீட்டோடு வந்தான், சாவியும் சேர்ந்தது. ஏறி உட்கார்ந்ததும் பின்பார்வைக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினான். சொந்த வண்டிக்காரன் கண்ணாடியை ஏன் திருப்பப் போகிறான்? விசிலை ஊதிவிட்டாள். நாலு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்திய பிறகுதான் அவன் வண்டிக்காரனின் மைத்துனன் என்று தெரிந்தது. போனிரா மன்னிப்புக் கேட்கவில்லை. மைத்துனன் திருட மாட்டான் என்று யார் சொன்னது?

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. அவள் புருஷன் எதற்கும் "இங்கி" சொல்லும் மனிதன். ஜாவாக்காரர்களின் மரியாதையான ஆமாம் அது. வீட்டை ஓடு மாற்றுவோமா என்றால் இங்கி. பெருநாளுக்குள் வந்துவிடுவாயா என்றால் இங்கி. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் சுமத்ராவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்குப் போனான். மூன்று பெருநாள் கழித்து, அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததும் அவன் இறந்துபோனதும் ஒரே கடிதத்தில் தெரியவந்தன. அதற்குப் பிறகு யாராவது "இங்கி" என்று தலையசைத்தால் போனிரா அவர்கள் கையைப் பார்ப்பாள், காலைப் பார்ப்பாள், வாயை மட்டும் பார்க்க மாட்டாள்.

ஆகவே மகள் விண்டார்த்தியைப் பெண் கேட்டு குணார்த்தோவின் வீட்டார் வந்தபோது அவள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று சந்தைக்கே தெரியும். விண்டார்த்திக்கு இருபத்தெட்டு வயது, மருந்துக் கடையில் வேலை. குணார்த்தோ அவளைவிட நாலு வயது மூத்தவன். சந்தையின் நாலாவது வரிசையில் லவ்பேர்ட் மட்டும் விற்பவன். குட்டைவாலும் வளைந்த மூக்கும் பழுத்த மாம்பழக் கன்னமுமாக இருக்குமே, அந்தச் சின்னக் கிளிகள். அவனுடைய சித்தப்பா ஹார்ஜோ ஒட்டரிசிப் பலகாரமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தில் விஷயத்தைத் தொட்டார். முறைக்குக் கைபிடித்துக் கொடுக்க விண்டார்த்தியின் பெரியப்பா இருக்கிறார். ஆனால் சொல் போனிராவுடையது. முப்பத்தைந்து நாள் கழித்து, இதே கிழமையும் ஐந்து நாள் சுற்றில் வரும் இதே சந்தை நாளும் கூடி வரும்போது பதில் சொல்வதாகச் சொன்னாள். அதுதான் ஊர் வழக்கம்.

பையன் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. பறவை விற்பவர்களை அவளுக்குத் தெரியும். கிழட்டுக் கிளியின் அலகில் கரி தடவிக் குஞ்சு என்பார்கள். நோயில் தூங்கி வழிவதைச் சாதுக் கிளி என்பார்கள். விலையைக்கூட விலை என்று சொல்ல மாட்டார்கள், என்னமோ கிளிக்கு நிக்காஹ் நடத்துகிற மாதிரி "மஹர்" என்பார்கள்.

"அவர் அப்படி இல்லம்மா" என்றாள் விண்டார்த்தி.

"எப்படி இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமாப் பழகறேன்."

"உங்கப்பாவோட நான் பதினோரு வருஷம் பழகினேன்."

மறுநாளே முடிவெடுத்தாள். அவனிடமே ஒரு கிளி வாங்குவது. மாமியாராகப் போகிறவளாக இல்லை, முன்பின் தெரியாத வாடிக்கைக்காரியாக, முழு விலை கொடுத்து. கிளியைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் முப்பத்தைந்து நாளில் நிஜமானால் பெண்ணைக் கொடுப்பாள். ஒரு சொல் பொய்யானாலும் கொடுக்க மாட்டாள். இதை மகளிடமும் சொல்லிவிட்டாள். விண்டார்த்தி சிரிக்கவில்லை. அந்தக் கிளி பாவம் என்று மட்டும் சொன்னாள்.

சந்தை கூடும் முன்பே போனாள். கடைக்கு எதிரே இருந்த தூணுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றாள். ஆள் வந்தால் நோயாளிக் கிளிகூட நிமிர்ந்து உட்காரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். யாரும் இல்லாதபோது எது சிறகை உப்பவிட்டுக் குந்துகிறது, எது வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடுகிறது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு முன்னால் வந்தாள். மூக்குத் துளை ஈரமா, பின்புறம் சுத்தமா, எட்டு விரலும் இருக்கின்றனவா, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒரு குஞ்சின் அலகில் இருந்த கறுப்பை எச்சில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தாள். கறுப்பு போகவில்லை.

குணார்த்தோ தீனிக் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டே பார்த்தான். அவள் யாரென்று தெரியாத மாதிரியும் இல்லை, தெரிந்த மாதிரியும் இல்லை.

இது ஆணா பெண்ணா என்று கேட்டாள். தெரியாது என்றான். சந்தையில் இருபத்திரண்டு லவ்பேர்ட் கடை. கேட்ட மாத்திரத்தில் வயிற்றை அழுத்தி ஆண் என்றும் பெண் என்றும் சொல்லாத கடைக்காரன் அவன் ஒருவன்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும் இபு, ரத்தம் சோதித்தால்தான் நிச்சயம் என்றான். அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவதுதான் இபு.

கையில் வந்து உட்காருமா என்றாள். அதுவும் தெரியாது, உங்களைப் பொறுத்தது என்றான். சோடியாகக் கொடு என்றாள். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது, ஏனென்றால் அவன் வேண்டாம் என்றான். இரண்டாக வளர்த்தால் ஒன்றையொன்று கொஞ்சிக்கொண்டு உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. பழக்க வேண்டுமென்றால் ஒன்று போதும். ஆனால் ஒற்றைக் கிளிக்கு நீங்கள்தான் சோடி, தினம் இரண்டு மணி நேரமாவது கூட இருக்க வேண்டும், முடியுமா என்று அவளையே கேட்டான். இரண்டு விற்க வேண்டியவன் ஒன்று போதும் என்கிறான். நல்லவன் வேஷம் போடுகிறவன் இப்படித்தான் தொடங்குவான் என்று நினைத்துக்கொண்டாள்.

மேல் தட்டில், மூலையில், ஒரு பச்சைக் கிளி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மற்றவை கத்தியபடி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தபோது அது மட்டும் கண்ணை அகல விழித்துக்கொண்டு அமைதியாக இருந்தது. சிறகு ஒட்டி இருந்தது, மூக்கு உலர்ந்திருந்தது. நோய் இல்லை. சாது.

"அதைக் குடு."

"அது வேணாம் இபு."

"ஏன்?"

"கையைக் கண்டா பயப்படும். ஒருத்தர் வாங்கிட்டுப் போய் ரெண்டு மாசம் முன்னாடி திருப்பிக் குடுத்துட்டார். சாதுன்னு நினைக்காதீங்க, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. இந்தக் கத்தறானே, மூக்குல கறுப்போட, இவனை எடுங்க. தீனி தானாத் தின்ன ஆரம்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆவுது. சீக்கிரம் ஒட்டிக்குவான்."

போனிரா குஞ்சைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள். ஜாவாக்காரன் எவனும் வாடிக்கையாளரிடம் நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டான். கொடுக்க மனமில்லாவிட்டால், அது வேறொருவருக்குச் சொல்லி வைத்தது என்று நழுவுவான். இவன் இப்படிப் பளிச்சென்று தடுக்கிறான் என்றால் நல்ல சரக்கை நல்ல விலைக்காரனுக்காகப் பதுக்குகிறான். தள்ளிவிடப் பார்ப்பதைப் புகழ்கிறான்.

பச்சையைத்தான் வாங்கினாள். அவன் குறைத்துக் கேட்டிருந்தால் காக்கா பிடிக்கிறான் என்று நினைத்திருப்பாள். முழு விலையும் வாங்கிக்கொண்டான். வருங்கால மாமியாரிடமே இப்படியா என்று நினைத்தாள். வளர்க்கும் விதத்தைச் சொல்லச் சொன்னாள். சொன்னான். முதல் வாரம் கூண்டுக்குள் கையே விட வேண்டாம். கூண்டு கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், உற்றுப் பார்க்காதீர்கள். உற்றுப் பார்ப்பது பூனையின் வேலை. அப்புறம் கரண்டியில் தினை, அப்புறம் கையில். ஐந்து நிமிஷம் காலை, ஐந்து நிமிஷம் மாலை. நனைத்துப் பழக்குகிற வேலை மட்டும் வேண்டாம். கேட்டுவிட்டுப் போய், அரை மணி கழித்துத் திரும்பி வந்து, மறந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவையும் அதே மாதிரி சொன்னான். மனப்பாடம் செய்திருக்கிறான் என்று தோன்றியது.

வீட்டில் கிளி முதல் நாள் தின்னவில்லை. இரண்டாம் நாள் தின்றது. மூன்றாம் நாள், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கை விட்டவளின் ஆட்காட்டி விரலில் துளை போட்டது.

ஒரு வாரம் பொறுத்தாள். பொறுத்தாள் என்பதும் சரியல்ல. காலையில் எழுந்ததும் போர்வைத் துணியை விலக்கி உற்றுப் பார்ப்பாள், இரவு மூடும்முன் உற்றுப் பார்ப்பாள். தின்றதை எண்ணினாள், எச்சத்தை எண்ணினாள், அவன் மாற்றிக் கொடுத்துவிட்டானோ என்று கால் வளையத்து எண்ணைச் சரிபார்த்தாள். கிளி திரும்ப அவளை முறைத்தது.

"ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்" என்றாள் விண்டார்த்தி. "யார் முதல்ல கண்ணைச் சிமிட்டறீங்கன்னு பார்க்கறேன்."

சந்தை வாசலில் கூண்டு விற்கும் சுராட்டுக்கு ஆலோசனை சொல்லக் காசு வேண்டாம். "யூ போனிரா" என்றுதான் கூப்பிடுவான், அக்கா என்கிற அர்த்தத்தில். மகரிப் நேரத்தில் நன்றாக நனைத்து, நடுங்கும்போது விரலில் ஏற்றினால் மூன்றே நாளில் கிளி அடிமை என்றான். அவன் அப்பா அப்படித்தான் செய்தாராம், ஊரே அப்படித்தான் செய்கிறது. விசாரித்தாள். கேட்ட ஆறு பேரும் அதையே சொன்னார்கள். வேண்டாம் என்றவன் ஒருவன். ஆறு பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா?

அன்று பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் தெளிப்பானால் கிளியைச் சொட்டச் சொட்ட நனைத்தாள். ஈரத்தில் அது பாதியாகச் சுருங்கிவிட்டது. துண்டில் சுற்றி எடுத்து விரலில் வைத்தாள். உட்கார்ந்தது. பல் கிட்டுகிற மாதிரி அலகு கடகடவென்று அடித்தது. போனிரா வெற்றியோடு மகளைக் கூப்பிட்டாள்.

விண்டார்த்தி வந்து பார்த்தாள். உள்ளே போய் மேசை விளக்கை எடுத்துவந்து கூண்டுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தாள்.

"இது உக்காரலைம்மா. பறக்கத் தெம்பு இல்ல. அவர் தப்புன்னு காட்டணும், அதுக்காக இதைக் கொல்லுவியா?"

"உன் ஆளை நான் சோதிக்கிறேன், அவ்வளவுதான்."

"நீ சோதிக்கல. ஏதாவது கிடைக்கிற வரைக்கும் தேடற."

மறுநாள் கிளி முன்னைவிட மோசமாக இருந்தது. அவள் நிழல் பட்டாலே கூண்டின் மறுகோடிக்குப் பாய்ந்தது. சுராட்டிடம் கேட்டாள், இன்னும் இரண்டு தடவை நனைக்க வேண்டும் என்றான். அதற்கு மேல் அவளுக்கு மனம் வரவில்லை. நனைப்பது விஷயத்தில் பையன் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டாள். ஒரு விஷயத்தில் மட்டும்.

அதற்குப் பிறகு அவன் சொன்னபடியே செய்தாள். செய்துபார்த்துப் பலிக்காவிட்டால் அதை அவன் முகத்தில் எறியலாம் அல்லவா. விடிந்ததும் கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, முந்தின நாளின் சீட்டு அடிக்கட்டைகளைப் பிரித்து அடுக்குவாள். கிளியைப் பார்க்க மாட்டாள். பார்க்காமலிருப்பது பத்தொன்பது வருஷத்துக் கண்ணுக்குப் பெரிய வேலையாக இருந்தது. நாலு நாளில் கிளி தன் மூலையை விட்டு நடுக்கம்பிக்கு வந்தது. ஏழாம் நாள் கரண்டியிலிருந்து தினை எடுத்தது. பன்னிரண்டாம் நாள் வெறும் உள்ளங்கையிலிருந்து ஒரு சூரியகாந்தி விதையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கதவைத் திறந்துவிட்டால் வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்து, தையற்காரன் மாதிரி ஒரே அகலத்தில் நீள நீளமாக வெட்டி, அந்தப் பட்டைகளைத் தன் முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. அப்படிச் செருகுவது பெட்டை என்று மருந்துக் கடைக்கு வந்த ஒரு கிளி வளர்ப்பாளர் விண்டார்த்தியிடம் சொன்னார். சுராட் ஆண் என்று அடித்துச் சொல்லியிருந்தான். குணார்த்தோ தெரியாது என்றுதானே சொல்லியிருந்தான். அதுவும் ஒரு விஷயம்.

ஆனால் காலையில் இப்படி இருக்கிற கிளி, பிற்பகல் அவள் வேலையிலிருந்து திரும்பி வந்து அதே கோலத்தில் கூண்டருகே போனால் பைத்தியம் பிடித்தாற்போலக் கம்பியில் மோதியது. இறகு கொட்டியது. ஒரு நாள் இல்லை, தினமும்.

பகலில் யாரோ வருகிறார்கள். வேறெப்படி? விண்டார்த்தியின் வேலை நேரம் மாறி மாறி வரும். அந்த நேரத்தில் அவன் வந்து தன் கைவரிசையைக் காட்டுகிறான், கிளியை அவசரமாகப் பழக்கிப் பரீட்சையில் ஜெயிக்கப் பார்க்கிறான், கிளி மிரள்கிறது. மகளைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். கூண்டுக் கதவின் குறுக்கே ஒரு தலைமுடியை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மூன்று நாள் ஒட்டினாள். மூன்று நாளும் முடி அறுபடாமல் இருந்தது. மூன்று நாளும் கிளி மோதியது.

அப்படியானால் வருவது வேறு யாருமில்லை. அவள்தான்.

காலையில் இருப்பதற்கும் பிற்பகலில் இருப்பதற்கும் தன்னிடம் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். மேலங்கி, தொப்பி, விசில், கையுறை. ஒரு காலை மேலங்கியை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிளி சீட்டு வெட்டியது. மறுநாள் தொப்பி. வெட்டியது. அதற்கடுத்த நாள் விசில். சங்கிலியைக் கடித்துப் பார்த்தது. நாலாம் நாள் வலது கையில் மட்டும் அந்தப் பழுப்புக் கையுறையை மாட்டினாள். கிளி பக்கம் நீட்டக்கூட இல்லை, மடியில்தான் வைத்திருந்தாள். கிளி ஒரு கத்துக் கத்திக்கொண்டு சுவரில் போய் அடித்துத் தரையில் விழுந்தது.

போனிரா கையுறையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கிளி எழுந்து, கூண்டுக்குள் தானாக நடந்துபோய், மூலையில் உட்கார்ந்தது. கண்ணை அகல விழித்துக்கொண்டு, அமைதியாக. கடையில் முதன்முதலில் பார்த்த அதே அமைதி.

பதில் சொல்லும் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று சந்தை வாசலில் நின்றபடி நினைவைத் துழாவினாள். பச்சைக் கிளியைக் கையுறையால் மிரட்டி, இரண்டு மாசத்துக்கு முன்னால் திருப்பிக் கொண்டுவந்தவன் யார்? வெளியே போகிற கூண்டு சாதாரணம். உள்ளே திரும்பி வருகிற கூண்டு அபூர்வம், வாசலில் எல்லோரும் கேலி செய்வார்கள், மறக்க முடியாது. நாலாவது வரிசைக்கு அப்படி யாரும் வரவில்லை. அவன் வெறுங்கையோடு வர, கூண்டை வேறு யாராவது பின்னால் கொண்டுவந்தார்களோ என்றும் யோசித்தாள். யாரும் இல்லை.

கூட்டம் குறைந்ததும் சுராட்டிடம் விசிலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். குணார்த்தோ தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். முக்காலிக்குக் கீழே தீனிப் பெட்டி, அதற்குப் பின்னால் ஒரு பழைய தகர டப்பா. டப்பாவைத் திறந்தாள். பழுப்புத் தோல் கையுறை ஒரு சோடி, வெல்டிங் வேலைக்காரர்கள் போடுவது. விரல் நுனிகள் முழுக்க அலகு கடித்த பிறை பிறையான தழும்பு.

அவன் வாளியோடு வந்தபோது கையுறை அவள் மடியில் இருந்தது.

"கிளியைத் திருப்பிக் குடுத்தவர் பேர் என்ன?"

வாளியைக் கீழே வைத்தான். அதிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"யாரும் திருப்பிக் குடுக்கல இபு. நான்தான்."

கேட்காமலே மீதியைச் சொன்னான். போன கோடையில் ஜோக்ஜாவில் உணவகம் நடத்தும் ஒருவர் கையில் உட்காரும் கிளி பத்து, பத்தே நாளில் வேண்டும் என்றார். வளர்ந்த கிளிகளைக் கையுறை போட்டுப் பிடித்து, அசைய விடாமல் அழுத்தி, சோர்ந்து அடங்கும் வரை வைத்திருந்து பழக்கினான். ஒன்பது அடங்கின. ஒன்று அடங்கவில்லை. அது அவள் வீட்டில் இருக்கிறது.

"அந்த ஒம்போதும் இப்ப எப்படி இருக்கு?"

"தெரியாது. போய்ப் பார்க்கத் தைரியம் வரல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"முந்தின நாள்தான் பொண்ணு கேட்டு வந்திருந்தோம். பயம். வாங்காதீங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது."

"இப்ப ஏன் சொல்ற? ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாமே. கரங்கனோம் ஊர்க்காரன் சுகேங்னு சொன்னா நான் என்ன பண்ணப் போறேன்?"

"போய் விசாரிப்பீங்க."

"விசாரிப்பேன்தான்."

"அதான்."

போனிரா கையுறையை டப்பாவில் வைத்து மூடினாள். வாசலுக்கு வந்து விசிலை வாங்கி மாட்டிக்கொண்டு, மூன்று மணி வரை சீட்டுக் கிழித்தாள். ஒரு சொல் பொய்யானாலும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். பொய் கையில் சிக்கிவிட்டது. ஒரே ஒரு பொய்தான், ஆனால் அவள் வைத்த கணக்கில் ஒன்றே போதும்.

வீட்டில் மகளை உட்கார வைத்துச் சொன்னாள். விண்டார்த்தி ஆச்சரியப்படவில்லை. அவளுக்குப் போன கோடையிலேயே தெரியுமாம். அவனேதான் சொன்னானாம். கிளி வீட்டுக்கு வந்தபின் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று அவள் விரட்டியதும், இன்றைக்கு நாளைக்கு என்று அவன் தள்ளிப்போட்டதும், அதனால் இருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் வெளியே வந்தன.

போனிராவுக்கு உடனே வேறு சந்தேகம் வந்தது. இருவரும் சேர்ந்து சொல்லி வைத்துப் பேசுகிறார்களா? அங்கேயே மகளிடம் மூன்று கேள்வி கேட்டாள். அவன் இதை எங்கே வைத்துச் சொன்னான், அப்போது என்ன சாப்பிட்டீர்கள், நீ முதலில் என்ன சொன்னாய். மறுநாள் அதே மூன்றைக் குணார்த்தோவிடம் கேட்டாள். மருந்துக் கடைக்குப் பின்னால் என்றாள் அவள். பேருந்து நிறுத்தத்தில் என்றான் அவன், மருந்துக் கடைக்குப் பின்னால் சொல்லத் தொடங்கி நிறுத்தத்தில்தான் முடித்தானாம். வறுத்த சோயாத் தெம்பே என்றாள் அவள், அவனுக்கு நினைவில்லை. முதலில் தன்னைத் திட்டினாள் என்றான் அவன். அவளோ, முதலில் அழுதேன், அப்புறம்தான் திட்டினேன் என்றாள்.

சொல்லி வைத்த கதையாக இருந்தால் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். இது முன்னும் பின்னுமாக இடித்துக்கொண்டு இருந்தது. சந்தை வாசலில் எத்தனையோ பேரை விசாரித்தவள், நடந்த கதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா. பயந்து மறைத்திருக்கிறான், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மறைக்கவில்லை. அவள் புருஷன் வாழ்நாளில் ஒரு முறைகூட வேண்டாம் என்றோ தெரியாது என்றோ சொன்னதில்லை. இவன் ஒரே காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

முப்பத்தைந்தாம் நாள் ஹார்ஜோ சித்தப்பா ஆறு பேரோடு வந்தார். தேநீர் குடித்தார்கள், மழை பேசினார்கள். பெண்ணின் பிறந்த நாளையும் பையனின் பிறந்த நாளையும் கூட்டிப் பார்த்தாயிற்றா என்று சித்தப்பா மெல்ல ஆரம்பித்தார். கூட்டிய எண் சரியில்லை என்றால் அதுதான் மரியாதையான மறுப்பு. யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் எழுந்து போய்விடலாம்.

"கூட்டிப் பார்த்தேன்" என்றாள் போனிரா. "எண் நல்லா இல்ல."

சித்தப்பா தலைகுனிந்து எழத் தயாரானார். விண்டார்த்தி உள்ளறை வாசலில் தட்டோடு நின்றுவிட்டாள்.

"ஆனா குடுக்கறேன். உங்க பையன் பொய் ஒண்ணு சொன்னான், கண்டுபிடிச்சேன், ஒத்துக்கிட்டான். இன்னும் ஏதாவது இருந்தா அதையும் கண்டுபிடிப்பேன். சம்மதம்னா தேதி பாருங்க."

பெண் வீட்டார் இப்படி உடைத்துப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. குணார்த்தோ தரைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். சித்தப்பா மறுபடி உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். எண் சரியில்லை என்று தானே சொல்கிறாள், பையனிடம் குறை கண்டேன் என்றும் சொல்கிறாள், அப்புறமும் கொடுக்கிறேன் என்கிறாள். எங்கேயோ இடிக்கிறது. பெண்ணுக்கு உடம்பு சௌக்கியம்தானே என்று சுற்றி வளைத்துக் கேட்டார். வீட்டின் மேல் ஏதாவது வழக்கு உண்டா என்றும் இன்னும் சுற்றி வளைத்துக் கேட்டார். போனிரா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டுதான் போனது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹார்ஜோவின் வண்டி சந்தை வாசலுக்கு வந்தது. கிளி வாங்க வந்தவர் மாதிரி உள்ளே போனவர், பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு சுராட்டின் கூண்டுக் கடைக்கு வந்து, ஒரு கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் விசிலடிக்கிற அந்த அம்மாள் எப்படி என்று விசாரித்தார். அவள் புருஷன் எங்கே என்று கேட்டார். வேலையை விட்டு எத்தனை தடவை நின்றிருக்கிறாள் என்று கேட்டார். அவர் போனதும் சுராட் ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"உன் புருஷனோட ரெண்டாவது குடும்பத்தைப் பத்தியும் சொல்லிட்டேன், யூ. தப்பா?"

"தப்பில்ல. இப்ப எங்க போனார்?"

"மூணாவது வரிசைக்கு. நான் சொன்னது நிஜமான்னு அங்க ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு இருக்கார்."

போனிரா எட்டிப் பார்த்தாள். ஹார்ஜோ ஒரு புறா வியாபாரியின் காதருகே குனிந்து நின்றிருந்தார். கேட்டு முடித்ததும் இன்னும் இரண்டு கடை தள்ளிப் போய் அங்கேயும் குனிந்தார். அவளுக்கு அந்தக் குடும்பத்தை முதல் முறையாகப் பிடித்துப்போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை நிழலுக்கு நகர்த்தி, இருக்கையின் மேல் ஓர் அட்டையைப் போட்டு மூடினாள். நிதானமாக விசாரித்துவிட்டு வரட்டும்.